பின்வாசல் ஜாம்பானும் வீட்டுக்குள் வந்த குழாயும்





பொன்விழா மேடையில் பேசுகிற பேச்சா இது என்று எங்கள் உடன்பிறப்புகளுக்குள்ளேயே சண்டை வந்தது. நன்னிமார்கள் சிரித்தால் போதும் என்று துணிந்துவிட்டோம். ஜாம்பானைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

தஞ்சோங் ரம்புத்தான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சிரிப்பு. 1911இல் திறந்த மனநல மருத்துவமனை ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த ஊர். எங்களுக்கு ஊர் என்றால் கிந்தா ஆறு, ஈய லம்பக் குட்டைகள், வீட்டுக்குப் பின்னால் போகும் சந்து. 1960களில் எங்கள் ஜாம்பான் அந்தச் சந்தை ஒட்டி இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஏற இரண்டு படி. நடுவில் ஓட்டை, கீழே வாளி. பின்புறம் ஒரு சின்னக் கதவு. வாளி எடுப்பவர் சந்திலிருந்தே அதைத் திறந்து, நிறைந்ததை உருவிக்கொண்டு காலி வாளியைத் தள்ளிவிடுவார். எங்களில் ஒருவர் உள்ளே குந்தியிருக்கும்போது அந்தக் கதவு திறந்ததும், அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு முற்றம்வரை ஓடியதும் இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பேசப்படுகிற கதை.

இரவில் தனியாகப் போக முடியாது. பக்கத்து வாழைமரத்தில் பொந்தியானாக் இருப்பதாக மலாய்ப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே அரிக்கேன் விளக்கோடு. "இருக்கியா? இருக்கியா?" என்று உள்ளிருந்து குரல் வரும். வெளியே இருப்பவர் வேண்டுமென்றே வாய் திறக்கமாட்டார்.

தண்ணீர் சாலையோரப் பொதுக்குழாயிலிருந்து வரவேண்டும். வரிசையில் நின்று மண்ணெண்ணெய்த் தகரத்தில் பிடித்து வருவோம். ஒளுச் செய்ய ஒரு பங்கு, சமைக்க ஒரு பங்கு, ஜாம்பானுக்குப் போகும்போது ஒரு பால் டின். அதற்கு மேல் கேட்டால் அம்மா முறைப்பார். நஜீஸ் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கட்டைச் செருப்பும் தனியாக இருந்தது.

பிறகு மீட்டர் வந்தது, இரும்புக் குழாய் வந்தது. வீட்டோடு சேர்த்துச் சிமெண்டில் புதிய ஜாம்பான் கட்டச் சீனக் கொத்தனார் வந்தார். அவர் பீங்கானைக் கதவைப் பார்த்து வைத்தார். அத்தா கிப்லாவுக்கு முகமும் காட்டக்கூடாது, முதுகும் காட்டக்கூடாது என்று மலாயில் சொல்லி, கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார். கொத்தனார் சிரித்துக்கொண்டே பெயர்த்துக் குறுக்காக வைத்துக் கொடுத்தார். பீங்கானுக்கு அடியிலே குழாய் ஏன் வளைகிறது என்று கேட்டோம். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தை மேலே விடாமல் அடைக்கிறதாம். லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775இல் காப்புரிமை வாங்கிய வளைவு அது என்று பிற்காலத்தில் படித்தோம். எங்கள் சந்துக்கு வந்துசேர ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகியிருக்கிறது! முதல் நாள் சங்கிலியை இழுக்க வரிசையில் நின்றோம். தண்ணீர் வீணாகிறது என்று அம்மா விரட்டினார். இன்று இண்டா வாட்டர் பில்லைப் பார்த்து முணுமுணுப்பவர்களும் நாங்கள்தான்.

வாளி எடுத்தவரைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மனமில்லை. சுபுஹு பாங்குக்கு முன்பே, தோளில் காண்டாக் கம்போடு வருவார். தமிழர்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தோம், அதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெருநாள் காலையில் அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுப்பார். அதற்கென்று வேலியில் ஒரு மைலோ டின் தொங்கும். அவருக்கு மட்டும்.

புதிய ஜாம்பான் திறக்கிற வாரம், "கிளாஸில் கொடு" என்றார் அத்தா. நாங்கள்தான் கொண்டுபோனோம். அவர் கிளாஸை வாங்கினார். வேலியிலிருந்து டின்னை எடுத்து, தேத்தண்ணீரை அதில் ஊற்றிக்கொண்டு, வாய் படாத கிளாஸைப் படியில் வைத்தார். குடித்துவிட்டு டின்னைப் பழைய இடத்திலேயே மாட்டினார். மறுநாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வர வேலை இல்லாமல் போயிற்று.

அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. இந்தச் சபையில் தெரிந்தவர்கள் இருந்தால், சாப்பிடப் போவதற்கு முன் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.