பல்கலைக்கழகச் சொற்பொழிவும் நம்மவரும்

 

பட்டம் பெறாதார்க்குப் பல்கலைக்கழகத்தில் யாது அலுவல் என்பார் நம்முள் பலர். 1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நோக்குமின். 1941-இல் அங்குக் கூடிய தமிழிசை மகாநாடு மாணவர் தேர்வின்பொருட்டுக் கூடியதன்று. கச்சேரி மேடைகளில் தமிழ்ப்பாட்டுக்கு உரிய இடம் வேண்டுமென்றே கூடியது. அவ்வாதம் பத்திரிகைகளில் மூண்டு ஊர்ப்பேச்சாயிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கமும் தோன்றிற்று.

நிற்க. 2018-இல் வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சிலப்பதிகாரச் சொற்பொழிவு கேட்க எம் பள்ளி மாணவர் எண்மருடன் சென்றிருந்தோம். "எந்தக் கல்லூரி?" என்றார் வாயிற்காவலர். உயர்நிலைப்பள்ளி என்றோம், அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார். உள்ளே புகுந்தால், முன்வரிசை முழுதும் வெறுமை! பேராசிரியரோ அரங்கேற்று காதையை எடுத்துக்கொண்டு, ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் இலக்கணத்தையும் இனிது விரித்தார். எம் மாணவருள் தவில் வாசிப்பவர் மகனொருவன் எழுந்து, தண்ணுமையாசிரியனைப் பற்றி ஐயம் வினவினான். பேராசிரியர் மேடையினின்று இறங்கிவந்து, அவன் அருகில் அமர்ந்தே விடை கூறினார். காவலர் அன்று எம்மைத் திருப்பி அனுப்பியிருப்பின்?

நம் சங்கத்துப் பலகையில் திருமண நாட்களே எழுதப்பெறுகின்றன. பல்கலைக்கழகச் சொற்பொழிவு நாட்களும் இனி அதில் இடம்பெறல் வேண்டும். எழுதும் பணியை யாமே ஏற்கின்றோம். பிள்ளைகளின் பேருந்துச் செலவைப் பற்றிப் பொருளாளர் இன்றே விடை பகர்வாராக.