தோட்டத்துச் சிறுமியும் பட்டணத்துச் சமையற்கட்டும்

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலே காலையில் பெரட்டுக்குச் செல்லும் தாய், மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பின்னரே லயத்துக்குத் திரும்புகிறாள். அதுவரை பருவமடைந்த மகள் காம்பராவில் தனித்திருக்க வேண்டும். மேல்வகுப்புப் பாடசாலை தொலைவிலிருப்பதால் படிப்பு இடையிலே நின்றுவிடுவதும் உண்டு. இத்தறுவாயில்தான் தரகர் வருகிறார். கொழும்பிலே பெரிய இடமென்றும், சொந்தப் பிள்ளைபோல வைத்துக்கொள்வார்களென்றும் கூறுவது அவரது வாய்ப்பாடம். கூடவே சிறிது முற்பணமும் கைமாறுகிறது.

நேயர்களே! பெற்றோரின் பேராசையே இதற்குக் காரணமெனப் பட்டணத்தார் சொல்லிவிடுவது எளிது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது 2021ஆம் ஆண்டிலேதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வறுமை மட்டுமே காரணமுமன்று. தனித்திருக்கும் மகளுக்குக் காவல் கிடைக்குமென நம்பி அனுப்பும் தாய்மாரும் உளர். கொடுமை என்னவெனில், அவள் போய்ச் சேரும் இடமே காவலற்ற இடம். தொழிற்சாலைக்குள் பரிசோதகர் நுழையலாம். லயத்திலே அயலார் கண்கள் உண்டு. அந்நியர் வீட்டுச் சமையற்கட்டில் நடப்பதைக் காண்பார் யார்?

2021 ஜூலையில், நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குச் சென்றிருந்த 16 வயதுச் சிறுமி, தீக்காயங்களுடன் மருத்துவமனையிலே உயிர்நீத்தாள். அடக்கம் செய்த உடலைத் தோண்டியெடுத்து மீண்டும் பரிசோதிக்க நேர்ந்தது. மலையக நகரங்களிலே மக்கள் நீதி கேட்டு வீதிக்கு வந்தனர்.

சட்டம் இல்லாமலில்லை. 1956ஆம் ஆண்டின் சட்டம் 14 வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. 2016இல் கட்டாயக் கல்வியின் வயதெல்லை 16 ஆக உயர்ந்தது. ஆயின் வேலைக்குரிய வயது 16 ஆனது 2021இலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் 15 வயதுச் சிறுமியை ஒரு சட்டம் பள்ளிக்குப் போகச் சொல்ல, மற்றொன்று வேலைக்குப் போகவும் இடமளித்தது. தரகர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் எவரும் முறையிடலாம். பக்கத்து வீட்டிலே பள்ளி நேரத்தில் பாத்திரம் துலக்கும் சிறுமியைக் காணும் கொழும்பு வாசிக்கும் அவ்விலக்கம் உரியதே. தோட்டத்திலோ, முதலில் அறியத்தக்கவர் ஆசிரியர். இரண்டு நாள் வராத மாணவியைத் தேடி அவர் லயத்துக்கு ஆளனுப்புவாராயின், தரகருடன் அவள் பஸ் ஏறுமுன்பே தடுத்து நிறுத்துதல் கூடும்.