உறுதிமொழி யாருக்கு? – அரசியலமைப்பு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை



முன்வரிசையில் காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் படிக்கிற தம்பி தங்கைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டம், கயிறு ஏறுதல், எழுத்துத் தேர்வு, எல்லாத்துக்கும் பயிற்சி எடுக்கிறீங்க. சரி. சேர்ந்த பிறகு ஒரு உறுதிமொழி சொல்வீர்களே, அதுக்கு யாராவது அர்த்தம் சொல்லிக் கொடுத்தாங்களா?

நம் ராணுவத்தில் சேருகிறவர் என்ன சொல்கிறார்? கடவுள் பெயரால் சொல்லலாம். வேண்டாமென்றால் உளமார உறுதி கூறலாம். சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசியலமைப்பின் மீது உண்மையான பற்றும் விசுவாசமும் கொள்வேன் என்கிறார். தரை, கடல், வான் என எந்த வழியில் அனுப்பினாலும் போவேன் என்கிறார். உயிருக்கே ஆபத்தானாலும் குடியரசுத் தலைவரின் ஆணைக்கும் மேலதிகாரியின் ஆணைக்கும் கீழ்ப்படிவேன் என்கிறார்.

கவனிச்சீங்களா? முதலில் வருவது அரசியலமைப்பு. ஆணை அதுக்குப் பிறகுதான். பிரதமர் பெயர் கிடையாது. கட்சிப் பெயர் கிடையாது. எந்த மதத்தின் பெயரும் கிடையாது.

இது சும்மா வந்ததில்லை தோழர்களே. வெள்ளைக்காரன் காலத்தில் நம் சிப்பாயின் விசுவாசம் மன்னருக்கு. 1930 ஏப்ரல் 23, பெஷாவர். நிராயுதபாணியான மக்கள் மீது சுடச் சொன்னபோது கார்வால் ரைபிள்ஸ் வீரர்கள் மறுத்தார்கள். சந்திர சிங் கார்வாலிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 1945-ல் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மூவரை நிறுத்தினார்களே, என்ன குற்றச்சாட்டு? மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்களாம்! அந்தப் படையில் மலேயாவிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கைகள் அவை.

ஜெர்மனியைப் பாருங்கள். 1919-க்குப் பிறகு அந்த நாட்டு வீரன் அரசியலமைப்புக்கு உறுதி சொன்னான். 1934 ஆகஸ்ட் 2 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் இறந்தார். அன்றைக்கே உறுதிமொழியை மாற்றினார்கள். அடால்ஃப் ஹிட்லர் என்ற தனி மனிதனுக்கு நிபந்தனையில்லாத கீழ்ப்படிதல்! பின்னாளில், "சத்தியம் செஞ்சுட்டோமே, எப்படி மீறுவது?" என்று எத்தனையோ அதிகாரிகள் அதையே சாக்காகச் சொன்னார்கள். சில வார்த்தைகளை மாற்றினால் ஒரு ராணுவமே தனிமனிதனின் ஏவல் படையாகிவிடும்.

"அப்போ மேலதிகாரி என்ன சொன்னாலும் செய்யணுமா?" என்று கேட்பீர்கள். உறுதிமொழியில் "எல்லா ஆணைகளும்" என்றுதான் இருக்கிறது. ஆனால் 1950 ராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவைப் படியுங்கள். கீழ்ப்படியாததற்குத் தண்டனை உண்டு, எதற்குக் கீழ்ப்படியாவிட்டால்? "சட்டப்பூர்வமான ஆணை"க்கு. அந்த ஒரு சொல்லில்தான் குடியரசே நிற்கிறது!

காவல்துறைக்கு வருவோம். வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் முப்பது ஆண்டுகள் ரத்தம் சிந்தினார்கள். சமாதானம் வந்தபோது, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் காவலரின் உறுதிமொழியையே திருத்தி எழுதினார்கள். மனித உரிமைகளைக் காப்பேன், எல்லோருடைய மரபுக்கும் நம்பிக்கைக்கும் சமமான மதிப்பளிப்பேன் என்று அங்கே காவலர் சொல்லியாக வேண்டும். எந்தத் தெருவுக்குள் போனாலும் அந்தச் சொல் அவரோடு கூடவே போகும்.

நமக்கும் ஒரு காயம் இருக்கிறது. 2020 ஜூன், சாத்தான்குளம். ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்தார்கள். அடித்தவர்களும் காக்கிதான். அதே நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், நடந்ததை நடந்தபடி நீதித்துறை நடுவரிடம் சொன்னார். அவரும் காக்கிதான். உறுதிமொழியைக் காப்பாற்றியது யார்? நீங்களே சொல்லுங்கள்.

தம்பி, தங்கைகளே, நாளைக்கு நீங்களும் அந்த வரிசையில் நிற்பீர்கள். முன்னால் நிற்பவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த மொழியில் சொன்னாலும் பொருள் தெரிந்து சொல்லுங்கள். பயிற்சிப் பள்ளியில் அதைத் தமிழில் வரிவரியாக விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. விளக்கிச் சொல்வது அரசின் கடமை.

ஆட்சி மாறும். அதிகாரி மாறுவார். நீங்கள் கொடுத்த வாக்கு, அரசியலமைப்புக்குக் கொடுத்த வாக்கு.