காவல் மரமும் கோயில் முரசும்



திருக்குடமுழுக்கு நாளில் முரசு அதிர்கின்றது, தவில் முழங்குகின்றது. ஒலியைக் கேட்டு உருகுவோர் பலர். அவ்வொலிக்கு உடலாய் அமைந்த மரத்தை நினைப்போர் மிகச் சிலரே. பண்டைத் தமிழர் அதனை மறந்தாரல்லர்.

சங்க காலத்து அரசர் குடிகள் தமக்கெனக் காவல் மரம் ஒன்றைப் போற்றி வளர்த்தன. கடிமரம் என்பதும் அதுவே. அம்மரம் வீழ்ந்தால் அரசே வீழ்ந்ததாகக் கருதுவர். ஆதலின் வென்ற வேந்தன் முதலில் அதனை வெட்டுவான். வெட்டிய மரத்தைக் குடைந்து, தோல் போர்த்துத் தன் முரசமாக்கிக் கொள்வான். பகைவனைக் காத்த மரமே வென்றவன் புகழை முழங்கும் வாயாகிவிடும்!

இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து சென்று பகைவரின் கடம்ப மரத்தை வீழ்த்தி முரசு செய்தான். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் இதனைப் பாடியுள்ளார். அதற்குப் பரிசிலாக உம்பற்காட்டில் 500 ஊர்களைப் பெற்றார் என்று அப்பத்தின் பதிகம் கூறும். ஏடுகளில் உறங்கிக் கிடந்த இந்நூல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் உழைப்பால் 1904இல் அச்சேறியது.

சேரன் செங்குட்டுவன் செய்கை இன்னும் கடுமையானது. மோகூர் மன்னன் பழையனுடைய வேம்பினை அவன் அடியோடு வெட்டினான். வெட்டிய மரத்தை இழுப்பதற்கு யானைகளைப் பூட்டிய கயிறு எதனால் ஆயது? பழையனின் மகளிர் கூந்தலைக் களைந்து திரித்த கயிறு அஃது என்கிறது ஐந்தாம் பத்தின் பதிகம். புலவர் இதனைப் பெருமையாகவே உரைக்கின்றார். கேட்பார்க்கோ நெஞ்சு நடுங்குகின்றது. அந்த வேம்பின் முரசு எத்துணை இனிதாக ஒலித்திருப்பினும், அதனுள் ஓர் அழுகுரலும் இருந்திருக்கும்.

மரத்தை வெட்டாமலே அதற்கு ஏற்றம் தந்த தலம் மாதவரத்திற்குக் கிழக்கே சில கல் தொலைவில் உள்ளது. திருவொற்றியூர் மகிழ மரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியாரை என்றும் பிரியேன் எனச் சூளுரைத்தார். இறைவன் திருமுன் சூளுரைப்பதைத் தவிர்க்க எண்ணி, அவ்வேளையில் இறைவனை மகிழின் கீழ் எழுந்தருளுமாறு வேண்டியவர் அவர். இறைவனோ அச்செய்தியைச் சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்திவிட்டான். அவ்வம்மையார் மகிழடியிலேயே சூளுரைக்கச் சொன்னார். சூள் தவறிய சுந்தரர் தம் கண்ணொளி இழந்த வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கும். ஒரு சொல்லுக்குச் சான்றாக நின்றதே அம்மரத்தின் சிறப்பு.

முரசுக்கும் நீராட்டு உண்டு என்பதைப் புறநானூற்றின் 50ஆம் பாட்டு காட்டும். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசத்தை நீராட்டக் கொண்டு சென்றிருந்தனர். அவ்வேளை களைத்து வந்த மோசிகீரனார், மலர் பரப்பிய முரசு கட்டிலில் அறியாது கண்ணயர்ந்தார். அது வாளால் தண்டிக்கத்தக்க குற்றம். வேந்தனோ புலவரை எழுப்பவும் இல்லை. விசிறி எடுத்து வீசினான்.

இன்று கோயிலில் ஒலிக்கும் தவிலும், அரங்கில் ஒலிக்கும் மிருதங்கமும் பெரும்பாலும் பலா மரத்தில் பிறப்பவை. கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவே இசைக்கு நன்று என்பது கைவினைஞரிடை வழங்கும் நம்பிக்கை. முற்றிய மரத்தைத் தேர்ந்து, உலரவிட்டு, உள்ளே குடைந்து, தோலை இழுத்து வார் பிடித்துச் சுருதிக்குக் கொண்டுவருதல் எளிய தொழிலன்று. தவிலை வலப்புறம் விரற்கூடு அணிந்த கையும் இடப்புறம் கோலும் தாக்குகின்றன. இரு தாக்குதலையும் மரம் தாங்கல் வேண்டும். வாசித்தவர் பெயர் நிலைக்கின்றது. செய்தவர் பெயரோ பெரும்பாலும் மறைகின்றது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்த பர்லாந்து போன்றோரின் வரலாறு 2020இல் வெளிவந்த டி. எம். கிருஷ்ணாவின் நூலால்தான் பலருக்குத் தெரியவந்தது. ஒலியைத் தொழுதவர்கள் தோலைத் தொட்டவரை வாயிலுக்கு வெளியே நிறுத்திய காலமும் உண்டு என்பதை மறைத்தல் தகாது.

இப்போது பல கோயில்களில் தீபாராதனை வேளையில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் ஒலிக்கின்றன. ஆள் கிடைக்காத குறையை அவை தீர்க்கின்றன என்பது மெய்யே. அவற்றுக்கு உபயம் செய்வோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் கையால் செய்த முரசை வழங்க எண்ணும் அன்பர்கள் ஒன்றைக் கருதுதல் நலம். முரசின் மேல் எழுதிய உபயதாரர் பெயர் அழியாதிருக்கும்; தோலோ மழையிலும் வெயிலிலும் நாளடைவில் தளர்ந்து கிழியும். தோல் மாற்றுதற்கும் வார் இறுக்குதற்கும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை அக்கைவினைஞர்க்கென ஒதுக்கி வைத்தால், குடமுழுக்கு நாளில் ஒலித்த முரசு அடுத்த குடமுழுக்கிலும் ஒலிக்கும்.