பெருக்கல் என்பது யாது?

2022ஆம் ஆண்டு பூனாகலைப் பகுதி வகுப்பறை ஒன்றில், "ஏழு தர எட்டு எத்தனை?" என்று ஒரு மாணவியைக் கேட்டேன். "ஐம்பத்தாறு" என இமைப்பொழுதில் விடை வந்தது. "அப்படியென்றால் என்ன பொருள்?" என்றேன். பேச்சில்லை. வாய்பாடு அவளிடம் இருந்தது, பெருக்கல் இல்லை.

மனனத்தை நான் பழிக்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய நம் முன்னோர், முழு எண்களோடு மா, காணி, முந்திரி என்னும் பின்னங்களையும் பெருக்கி மனத்தில் வைத்திருந்தனர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு! ஆயினும் அவர்கள் ஓதியதன் பொருள் வயலிலும் நெற்களத்திலும் கண்முன்னே கிடந்தது. நம் பிள்ளைகளுக்கு அது தேயிலை மலையில் இருக்கிறது.

சன்னல் வழியே மலையைக் காட்டினேன். ஏழு நிரை, நிரைக்கு எட்டுச் செடி. எட்டை ஏழு தரம் எடுப்பதே ஏழு தர எட்டு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதுவே எட்டு தர ஏழு. ஐந்தாம் நிரைக்குக் கீழே ஒரு கான் ஓடுவதாகக் கொள்ளுங்கள். இப்பால் 40 செடி, அப்பால் 16, கூட்டினால் 56. வாய்பாட்டில் ஒரு வரி மறந்த பிள்ளையும் இவ்வாறு பிரித்து அதனை மீட்டுக்கொள்ளலாம்.

விடை ஒன்றாயினும் நிலைமை ஒன்றன்று என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஐவர் ஆளுக்குப் 18 கிலோ கொழுந்து பறித்தாலும், பதினெண்மர் ஆளுக்கு 5 கிலோ பறித்தாலும் தராசில் 90 தான். வேறுபாடு முதுகுக்குத் தெரியும்.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாயிற்று. அடிப்படைச் சம்பளம் 900, கொடுப்பனவு 100. வேலை செய்த நாள் 22 என்றால், 19,800உம் 2,200உம் சேர்ந்து 22,000. கானால் பிரிந்த அதே நிரைகள்தாம் இவை. பின்னர் சம்பளம் உயர்ந்தது. கணக்கின் முறை மாறவில்லை. தாயின் சம்பளச் சீட்டை வாசித்துக் காட்டும் பிள்ளைக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வியன்று.

இன்னுமொரு சிக்கல் உண்டு. பெருக்கினால் எண் பெருகியே தீரும் என்று பிள்ளைகள் நம்புகின்றனர். அச்சொல்லே அவ்வாறு நம்ப வைக்கிறது. அரையால் பெருக்கினால் குறையும் என்று சொன்னால், ஆசிரியர்தாம் பிழைவிட்டார் என்பதுபோல் நோக்குவர்.

அம்மாணவியிடம், "அம்மாவுக்கு அரைப்பேர் போட்டால்?" என்றேன்.

"பாதிச் சம்பளம், சேர்."

"பேரே விழாவிட்டால்?"

"ஒன்றுமில்லை, சேர்."

கரும்பலகையில் ஆயிரம் தர அரை என்றும், ஆயிரம் தர பூச்சியம் என்றும் எழுதினேன். இரண்டுக்கும் விடையை அவளே எழுதினாள்.