பயன் கேளாத பொருளுதவி



தாதரிலும் மாதுங்காவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, உத்தியோகத்தை நாடி இம்மாநகருக்கு வந்தவை. ஆகவே, வீட்டுப் பிள்ளை தூய கணிதம் பயில விரும்பினால், 'அது சோறு போடுமா?' என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அவ்வினாவுக்குள் மற்றொன்றும் அடங்கியிருக்கிறது. உடனடிப் பயன் காட்டாத ஆராய்ச்சிக்கு அரசாங்கம் ஏன் பொருள் வழங்கவேண்டும்?

1912ஆம் ஆண்டில் இராமானுஜன் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் பெறும் குமாஸ்தா. 1913 மே முதல், சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்று கேட்டதேயன்றி, இன்ன தேற்றத்தை இன்ன நாளில் நிறுவுக என்று பணிக்கவில்லை. அத்தொகை அவருக்கு வாங்கித் தந்தது கருவிகளையன்று; ஓய்வான பொழுதை.

நம் நகரிலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. தாதரிலிருந்து தெற்கே சென்றால், கொலாபாவில் கடலோரமாக நிற்பது டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். 1945இல் டாட்டா அறக்கட்டளையின் கொடையுடன் ஹோமி பாபா தோற்றுவித்த இந்நிலையம், இன்று மத்திய அரசின் அணுசக்தித் துறையின் பொருளுதவியால் நடைபெறுகிறது. சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்ற எம். எஸ். நரசிம்மன், சி. எஸ். சேஷாத்திரி இருவரும் 1953இல் இங்கு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தனர். உலகம் இன்று அவர்கள் பெயராலேயே வழங்கும் தேற்றம் 1965இல் வெளிவந்தது. இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! ஆண்டுதோறும் இலாபக் கணக்குப் பார்க்கும் வணிகர் அதுவரை பொறுத்திருப்பாரா?

பயன் வாராமலும் போவதில்லை. பகா எண்களைப் பற்றிய பழைய ஆராய்ச்சி, 1977இல் கண்டறியப்பட்ட மறைமொழி முறைக்கு அடிப்படையாயிற்று. வங்கிப் பரிமாற்றங்களுக்கு அத்தகைய முறைகளே காவலாயின. ஆயினும், எந்த விதை எப்போது முளைக்கும் என்பதை விதைப்பவர் அறியார்.

பொதுப்பணம் மக்களின் வரிப்பணம். கணக்குக் கேட்பது முறையே. ஆனால் கேட்கத்தக்கது, 'உழைத்தனையா?' என்பது, 'விற்பனையாகுமா?' என்பதன்று. அதனைத் தேர்ந்து சொல்லவல்லவர் அத்துறை அறிஞரே. இதற்கெனவே 1983இல் தேசிய உயர் கணித வாரியம் அமைக்கப்பட்டது. மாணவர்க்கு உபகாரச் சம்பளமும் நூலகங்களுக்கு மானியமும் அது வழங்குகிறது. வழங்கும் தொகை நாள் தவறாது சேர்வதும் இன்றியமையாதது. தவறினால் மாணவனின் மனம் தேற்றத்தை விட்டு வாடகையை எண்ணத் தொடங்கும்.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ இவ்வழியை நாடினால் உடனே தடுக்காதீர்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே செல்லும் வழியாக அது இராதபடி காப்பதற்கே இவ்வுதவிகள் ஏற்பட்டன.