தண்ணியில கலந்த மருந்து



குழுக் கடனில் 200 கறிக்கோழிக் குஞ்சு விட்டேன். குஞ்சு செத்தா தவணை எப்படிக் கட்டுறதுன்னு பயம். நோய் வருமுன்னே தண்ணியில ஆன்டிபயாட்டிக் கலந்தேன். அப்படிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி மனிதருக்கும் வரும் என்றார் கால்நடை மருத்துவர்.

மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடை போட்டது. மனித வைத்தியத்துக்கு முக்கியமான ஆன்டிபயாட்டிக் கொடுத்து வளர்த்த கோழியை மெக்டொனால்ட்ஸ் தன் அமெரிக்கக் கடைகளில் 2016-லேயே நிறுத்தியது. அவ்வளவு பெரிய கம்பெனியே நிறுத்தும்போது நம்மால முடியாதா?

இப்போ உமியை ஈரமில்லாமல் வைக்கிறேன், நெருக்காமல் விடுறேன், வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து தவறாமல் கொடுக்கிறேன். நோய் வந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு மருந்து. கடனும் அடைந்தது.

நம்ம பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா மருந்து வேலை செய்யணும், அக்கா.